‘நல்வரவை விரும்பும்’: என் பேரில் கூப்பிட்டது யார்?

வாசகர் கேள்வி, 14 செப்டம்பர் 2025

புதுச் செயலி ஏற்றியதும் ‘உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா’ என்று கேட்கிறது. எல்லோரும் ‘சரி’ அழுத்துகிறார்கள். அது ஊருக்கெல்லாம் ‘இன்னார் உங்களை அழைக்கிறார்’ என்று அனுப்பியதும் தனியுரிமை போச்சு என்று கூச்சல். கேட்டபோது தலையாட்டியது யார்? அப்படியே அனுப்பினால்தான் என்ன, ஒரு மெசேஜ். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுப் போகலாம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

14 செப்டம்பர், இரவு

இருபத்தேழு வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன். திண்டுக்கல்லில் சின்ன அச்சகம். அழைப்பு என்றால் என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

மாப்பிள்ளை பேர், பெண் பேர், முகூர்த்த நேரம் எதிலும் சண்டை வராது. சண்டை வருவது ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிக்குக் கீழேதான். யார் பேர் மேலே, யார் பேர் கீழே, யாரை விட்டார்கள். ஒரு தடவை பெண்ணின் பெரியப்பாவைக் கேட்காமலே அவர் பேரைப் போட்டுவிட்டார்கள். மரியாதைக்குப் போட்டதுதான். மனுஷன் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்துவிட்டார். “நான் யாரையும் கூப்பிடலையே, எம்பேர்ல கூப்பிட்டது யாரு?” என்றார். ஐநூறு பத்திரிகை மறுபடி அடித்தோம். அட்டைக் காசு பெண் வீட்டார் கொடுத்தார்கள், கூலி என் தலையில்.

அந்தப் பெரியப்பாவுக்கும் ஒரு நஷ்டமும் இல்லைதான்.

15 செப்டம்பர்

‘யாருக்கு என்ன நஷ்டம்’ என்பது ராத்திரி முழுக்க மண்டையில் ஓடியது. சரி, என் கதையைச் சொல்கிறேன்.

2009. கடைக் கணினியில் எனக்கு ஒரு மின்னஞ்சல். சிவகாசியில் எனக்கு அட்டை சப்ளை செய்பவர் ஏதோ ஒரு தளத்தில் என்னை நண்பராகச் சேர்த்திருக்கிறாராம். தளத்தின் பேர் வேண்டாம். உள்ளே போனால் மின்னஞ்சல் முகவரி கேட்டது, பாஸ்வேர்ட் கேட்டது. அது அந்தத் தளத்துக்கான பாஸ்வேர்ட் இல்லை, என் மின்னஞ்சலுடையது. எனக்கு வித்தியாசம் புரியவில்லை, கொடுத்தேன். ‘அடுத்து’, ‘அடுத்து’, ‘அடுத்து’. வாடிக்கையாளர் ஒருவர் புரூஃப் பார்க்கக் காத்திருந்ததால் மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

என் முகவரிப் பட்டியலில் முந்நூறுக்கு மேல் இருந்தது. பத்திரிகை அடிக்க வந்தவர்கள், பேப்பர் ஸ்டோர்காரர்கள், வங்கி மேலாளர், மகள் பள்ளியின் வகுப்பாசிரியை. எல்லோருக்கும் என் பேரில் ‘உங்களுக்காக ஒரு செய்தி வைத்திருக்கிறார்’ என்று ஆங்கிலத்தில் போயிருக்கிறது. வகுப்பாசிரியை அதற்குப் பிறகு பெற்றோர் கூட்டத்தில் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

பட்டியலில் இன்னொருவரும் இருந்தார். என் சித்தப்பா மகன். திருச்சியில் கல்லூரி வாத்தியார். கிணற்றுத் தண்ணி முறை தகராறில் ஏழு வருடமாக அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன். ஏழு வருடம் கழித்து அவர் குரல்.

“அண்ணே, பெரியம்மா நல்லா இருக்காங்கல்ல?”

நல்லா இருக்காங்க என்றேன்.

“இல்ல, ஏதோ சேதின்னு வந்துச்சு. அதான்.”

பேச்சு முறிந்த வீட்டிலிருந்து ‘சேதி’ என்று வந்தால் நம் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் பயந்துபோய் அழைத்திருக்கிறார். மெஷின் அனுப்பியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மாதான் தம்பி, விசாரிக்கலாம்னு, என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

15 செப்டம்பர், மாலை

நான் மட்டும் ஏமாளி இல்லை என்பதற்கு ஒரு சாட்சி. அதே 2009இல் அமெரிக்காவில் டேக்ட் என்ற தளம் இதைப் பெரிய அளவில் செய்து மாட்டியது. ‘இன்னார் உங்களுக்குப் படம் அனுப்பியிருக்கிறார்’ என்று மின்னஞ்சல் வரும். பார்க்கப் போனால் சேரச் சொல்லும். சேர்ந்தால் உங்கள் முகவரிப் பட்டியலில் இருப்போருக்கு நீங்கள் படம் அனுப்பியதாகப் போகும். படம் எதுவும் கிடையாது. பதில் போடாவிட்டால் அவர் நீங்கள் மறுத்துவிட்டதாக நினைப்பார் என்று கீழே ஒரு சோகமூஞ்சி வேறு. ஆறு கோடி மின்னஞ்சலுக்கு மேல் போனதாக நியூயார்க் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ சொன்னார். நியூயார்க்குக்கும் டெக்சாசுக்கும் சேர்த்து ஏழரை லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டார்கள். ஒரு மின்னஞ்சலுக்கு ஒன்றேகால் சென்ட். நான் கவருக்கு மஞ்சள் தடவவே அதற்கு மேல் வாங்குகிறேன்.

அந்தச் சோகமூஞ்சியைக் கவனியுங்கள். நஷ்டம் அங்கேதான் இருக்கிறது. அழைப்பை மறுப்பது எனக்கு முகத்தில் அடிப்பது மாதிரி என்று என் நண்பருக்குச் சொல்கிறார்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் தாட்சண்யத்தைப் பிடித்துத்தான் வண்டி ஓட்டுகிறார்கள்.

18 செப்டம்பர்

‘சரி அழுத்தியது நீதானே’ என்பதற்கு வருகிறேன். எல்லாக் காலத்திலும் கேட்டார்களா என்ன? 2012 பிப்ரவரியில் பாத் என்ற செயலி ஐபோனிலிருந்த முழுத் தொடர்புப் பட்டியலையும் கேட்காமலே தன் சர்வருக்கு ஏற்றிக்கொண்டிருந்ததை சிங்கப்பூரிலிருந்த ஒரு நிரலாளர் கண்டுபிடித்தார். நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஏற்றியதை அழித்தார். அந்த வருடம் செப்டம்பரில் வந்த ஐபோன் மென்பொருள் ஐஓஎஸ் 6இல்தான் தொடர்புகளைத் தொட அனுமதி கேட்கும் பெட்டியே வந்தது. அதுவரை செயலி எழுதுபவரின் மனசாட்சிதான் பூட்டு.

லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தின் மேல் 2013இல் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். பயனர் பேரில் அழைப்பு அனுப்பி, பதில் வராவிட்டால் மறுபடி மறுபடி அனுப்பியதற்காக. அனுமதியில்லாமல் அனுப்பியது தவறு என்று நீதிபதி சொன்னார். 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து 2015இல் முடித்தார்கள்.

19 செப்டம்பர்

நேற்று எழுதியது பாதி தப்பு. திருத்துகிறேன்.

நீதிபதி லூசி கோ 2014 ஜூனில் சொன்னது அப்படி இல்லை. திரையில் சொல்லிவிட்டுத்தான் முகவரிகளை எடுத்தார்கள், பயனரும் அழுத்தியிருக்கிறார், ஆகவே எடுத்ததும் முதல் அழைப்பு போனதும் ஒப்புதலோடுதான். பிரச்சினை அதற்கு அப்புறம் நினைவூட்டலாகப் போன இரண்டாவது, மூன்றாவது மெயில்களில். அவை போகும் என்று யாரும் சொல்லவில்லை, பயனரும் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கை அந்த அளவுக்கு மட்டும் நடத்தலாம் என்றார். தீர்ப்பு வரைக்கும் போகாமல் சமரசத்தில் முடிந்தது. பிறகு நினைவூட்டல் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லவும், வேண்டாம் என்றால் நிறுத்தவும் வழி வைத்தார்கள்.

ஆக, கேள்வி கேட்டவர் பக்கம் முதல் மெயில் வரைக்கும் அந்த நீதிபதி இருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். கசப்பாகத்தான் இருக்கிறது.

பத்திரிகை வைப்பதிலும் ஒரு தடவைதான் வைப்போம். வரவில்லையா என்று மூன்று தடவை தட்டோடு போய் நின்றால் அவர்களே கதவைச் சாத்திவிடுவார்கள்.

27 செப்டம்பர்

இவ்வளவு நாள் என் பேரைப் பற்றியே புலம்பிவிட்டேன். அந்த முந்நூறு பேரை யார் கேட்டார்கள்?

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து மொய் நோட்டு இருக்கிறது. ஊர் பேர், ஆள் பேர், அப்பா பேர், தொகை. எந்த ஊரில் நமக்கு யார், அவருக்கு நாம் எவ்வளவு செய்ய வேண்டும், யார் செய்முறையை நிறுத்திக்கொண்டார், எல்லாம் அதில் இருக்கிறது. இன்றைக்கு நிறுவனங்கள் கோடி கோடியாய்ச் செலவழித்துத் திரட்டுகிற உறவு வரைபடம் அதுதான். பீரோவில் நகைக்குப் பக்கத்தில் இருக்கும். மண்டபத்து மேனேஜர் வந்து ‘நோட்டைக் கொடுங்கள், அதில் உள்ளவர்களுக்கெல்லாம் எங்கள் மண்டபத்தைப் பற்றி உங்கள் பேரில் எழுதிவிட்டுத் தருகிறேன்’ என்றால் தாத்தா செருப்பைக் கழற்றியிருப்பார். நோட்டு அவருடையதுதான். அதில் உள்ள பேர்கள் அவருடையதில்லை என்று அவருக்குத் தெரியும்.

28 செப்டம்பர்

உங்கள் தாத்தா நோட்டை ஒருவரும் கேட்கவில்லை, அவர் முந்நூறு ரூபாய்க்குக் கொடுத்திருப்பார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தாத்தாவைத் தெரிந்தவர் போல.

5 அக்டோபர்

மொய் நோட்டு விஷயத்தை ஜெர்மனிக்காரர்கள் வேறு பாஷையில் சொல்லியிருக்கிறார்கள். ஃபேஸ்புக்கில் ‘நண்பர்களைத் தேடு’ என்று ஒரு வசதி இருந்தது. முகவரிப் பட்டியலை எடுத்து, சேராதவர்களுக்கு அழைப்பு அனுப்பும். அங்குள்ள நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்பு 2010இல் இருந்த அந்த வடிவத்தை எதிர்த்து வழக்காடியது. 2016 ஜனவரி 14இல் அந்த நாட்டு உச்ச உரிமையியல் நீதிமன்றம் முடிவு சொன்னது: அழைப்பு மின்னஞ்சல் விளம்பரம்தான். பெறுபவர் கேட்கவில்லை, ஆகவே அது தொல்லை. அனுப்பியது பயனர், நாங்கள் கருவி மட்டும் என்ற ஃபேஸ்புக்கின் வாதம் எடுபடவில்லை. ஆள் சேர்ப்பது யாருக்கு லாபம் என்று பார்த்தார்கள்.

2020 மே மாதம் பெல்ஜியம் தரவுக் காப்பு ஆணையம் ட்வூ என்ற தளத்துக்கு 50,000 யூரோ அபராதம் போட்டது. அங்கே அழைப்புப் பட்டியலில் எல்லோர் பேருக்கும் முன்னாலேயே டிக் போட்டு வைத்திருந்தார்கள். வேண்டாதவரை நாம்தான் தேடி எடுக்க வேண்டும். ஆணையத்தின் பேச்சு எளிமையானது. நண்பருக்காக நீங்கள் ஒப்புதல் தர முடியாது.

அமெரிக்க நீதிபதி பார்த்தது என்னை. இவர்கள் பார்த்தது திருச்சி வாத்தியாரை.

இந்தக் கேள்வியை 14ஆம் தேதியே பிடித்திருக்க வேண்டும். பெரியப்பா கதையிலேயே நின்றுவிட்டேன்.

12 அக்டோபர்

இது வேறு ரகம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் கடைக்கு வயரிங் பார்ப்பவர் மணி அண்ணன். என்னிடம் ஒரு காலத்தில் எட்டாயிரம் வாங்கியிருந்தார். போனில் ஏழெட்டு மணி இருப்பதால் அடையாளத்துக்கு ‘கடன் மணி’ என்று வைத்திருந்தேன். அதில் வேறு உள்நோக்கம் இல்லை. ‘பூக்கடை மணி’, ‘டூவீலர் மணி’ மாதிரிதான். பிறகு யார் அழைக்கிறார்கள் என்று பேரைக் காட்டும் ஒரு செயலியை ஏற்றினேன். அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து மணி அண்ணன் வந்தார். புதுசாக ஒரு வீட்டுக்கு வேலை பேச போன் போட்டால், எதிர்முனைத் திரையில் ‘கடன் மணி’ என்று வருகிறதாம். அந்த வீட்டுக்காரர் அட்வான்ஸ் தர மறுத்துவிட்டாராம்.

நாம் ஒருவர் பேரை எப்படி எழுதி வைக்கிறோம் என்பது நம் மனதுக்குள் பேசிக்கொள்வது. அதை எடுத்து ஊர்ச்சுவரில் எழுதுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் போனை எடுத்து ஒரு தடவை பேர்களை மட்டும் படித்துப் பாருங்கள். ‘ஹவுஸ் ஓனர் சிடுமூஞ்சி’ இல்லாத போன் உண்டா?

13 அக்டோபர்

மணி அண்ணன் இதைப் படித்துவிட்டார். எட்டாயிரத்தையும் 2019 பொங்கலுக்குள் அடைத்துவிட்டதாக இங்கே எழுதச் சொன்னார். உண்மைதான். அடைத்துவிட்டார்.

15 அக்டோபர்

ரொம்ப யோக்கியன் மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பக்கத்து அழுக்கையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் யார் வீட்டில் எந்தத் தேதியில் கல்யாணம் என்பது மண்டபக்காரருக்கு அடுத்தபடி அச்சகக்காரனுக்குத்தான் முதலில் தெரியும். போட்டோக்காரர் வருவார், சமையல் காண்ட்ராக்டர் வருவார், மேளக்காரர் வருவார். ‘அண்ணே, இந்த மாசம் வந்த பார்ட்டி நம்பர் கொஞ்சம் கொடுங்க’ என்பார்கள். கொடுப்பேன். ஒரு டீ குடிப்போம். சிலர் தீபாவளிக்குப் பாக்ஸ் கொடுப்பார்கள். கல்யாண வீட்டுக்கு போன் போட்டு ‘பிரஸ் அண்ணன் சொன்னார்’ என்றே ஆரம்பிப்பார்கள். அதுவும் என் பேரில் போன அழைப்புதானே? யாரும் என்னைத் திட்டவில்லை, உதவி என்றே நினைத்திருந்தேன். பத்து வருடத்துக்கு மேல் செய்திருக்கிறேன்.

ஒரு பெண்ணின் அப்பா மட்டும் ஒரு தடவை கேட்டார். நிச்சயம் நின்றுபோய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. ‘உங்ககிட்ட சொன்ன தேதிக்கு இன்னும் தினம் ஒருத்தர் கூப்பிட்டு என்ன மெனு வேணும்னு கேக்கறாங்க தம்பி.’ அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் ஆர்டர் நோட்டை மேஜை டிராயருக்குள் வைத்தேன். பூட்டினேன் என்று சொன்னால் பொய். பூட்டு அப்புறம்தான் வாங்கினேன்.

26 அக்டோபர்

‘நான் எதிலும் சேரவில்லை, எனக்குக் கவலை இல்லை’ என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் சேர வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் எண்ணை வைத்திருப்பவர் சேர்ந்தால் போதும்.

2013 ஜூனில் ஃபேஸ்புக்கில் ஒரு பிழை வெளிவந்தது. தன் தகவலைப் பதிவிறக்கியவர்களுக்கு, தாங்கள் அறியாத அடுத்தவர் எண்ணும் மின்னஞ்சலும் சேர்ந்து வந்தன. சுமார் 60 லட்சம் பேருடைய விவரம். அவர்கள் கொடுத்ததில்லை, மற்றவர்கள் ஏற்றிய முகவரிப் பட்டியல்களிலிருந்து சேர்த்து ஒட்டி வைத்திருந்தது. ‘கடன் மணி’ என்றே ஏற்றியிருப்பேனோ என்று ஒரு நிமிடம் எனக்கு வியர்த்தது.

வாட்ஸாப் மேல் அயர்லாந்து தரவுக் காப்பு ஆணையம் 2021 செப்டம்பரில் 22.5 கோடி யூரோ அபராதம் போட்டது. சேராதவர்களின் எண்களை எடுத்ததற்காக என்று எழுத வந்தேன். முழுக்க அதற்காக இல்லை. தரவை என்ன செய்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாததுதான் முக்கியக் குற்றம், சேராதவர் விஷயம் அதில் ஒரு பங்கு. இந்தத் தடவை முதலிலேயே திருத்திவிட்டேன்.

எண்ணை அப்படியே வைப்பதில்லை, ஹாஷ் என்று அரைத்துக் கூழாக்கித்தான் வைக்கிறார்கள், திருப்பி எடுக்க முடியாது என்று கணினி படிக்கும் என் மகள் சொன்னாள். அப்புறம் அவளே கணக்குப் போட்டுச் சிரித்தாள். நம் கைபேசி எண் பத்து இலக்கம், 6, 7, 8, 9இல் ஒன்றில் தொடங்க வேண்டும். மொத்தமே 400 கோடி எண்தான் சாத்தியம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அரைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண கணினிக்குச் சில நிமிடம் போதும். அந்த அயர்லாந்து வழக்கிலும் அரைத்த எண் தனிநபர் தரவுதான் என்றே முடிவானது.

2 நவம்பர்

போன மாதம் மெசேஜ் அனுப்பும் ஒரு செயலியிலிருந்து அறிவிப்பு: ‘அப்பா சேர்ந்துவிட்டார்’.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் வேறு யாருக்கோ போயிருக்கிறது. துண்டித்த எண்ணை 90 நாள் கழித்து இன்னொருவருக்குத் தரலாம் என்பது விதி. படத்தில் ஒரு பையன் பைக் மேல் சாய்ந்து நிற்கிறான். நல்ல பையனாகத்தான் தெரிகிறான். எண்ணை அழிக்க மனசு வரவில்லை, பேரை மாற்றவும் வரவில்லை.

3 நவம்பர்

1909 என்ற எண்ணில் ‘விளம்பரம் வேண்டாம்’ என்று பதிந்தால் இந்த அழைப்பெல்லாம் நின்றுவிடும் என்று ஒருவர் யோசனை. அது வணிக நிறுவனங்கள் அனுப்புவதற்கு. செயலி உங்கள் எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து உங்கள் சிம்மிலிருந்து அனுப்ப வைத்தால் அது நீங்கள் உங்கள் மச்சானுக்கு அனுப்பிய செய்தி. மச்சானை 1909 தடுக்காது. மச்சானைத் தடுக்க எந்த எண்ணும் இல்லை.

22 நவம்பர்

ஒரே வாரத்தில் இரண்டு சேதி.

நம் நாட்டுத் தரவுக் காப்புச் சட்டம் 2023 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது, விதிகள் இந்த நவம்பர் நடுவில்தான் வெளியாகின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். ஒருவர் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வைத்திருக்கும் தரவுக்குச் சட்டம் பொருந்தாது. அதாவது என் போனில் ‘கடன் மணி’ இருக்கலாம், அதில் அரசுக்கு வேலையில்லை. அதை ஒரு நிறுவனம் எடுத்தால்? எடுப்பதற்கு மணி அண்ணனின் ஒப்புதல் வேண்டுமா, என் ‘சரி’ போதுமா? சட்டத்தில் ஒப்புதல் தர வேண்டியவர் தரவுக்கு உரியவர் என்றுதான் இருக்கிறது. மணியின் எண்ணுக்கு உரியவர் மணி. நான் இப்படித்தான் படிக்கிறேன், நான் வக்கீல் இல்லை.

இரண்டாவது, வியன்னா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள். வாட்ஸாப்பில் ‘இந்த எண் சேர்ந்திருக்கிறதா’ என்று கேட்கும் வசதி இருக்கிறதே, நம் தொடர்புகளை ஏற்றினால் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டுவது. அதையே திரும்பத் திரும்பக் கேட்டு சுமார் 350 கோடி கணக்குகளை எண்ணிவிட்டார்கள். பல கணக்குகளில் படமும் தெரிந்தது. பிறகு அந்த நிறுவனம் கேட்கும் வேகத்துக்குக் கட்டுப்பாடு போட்டது. யாருடைய வீட்டுப் பூட்டையும் உடைக்கவில்லை. கதவைத் தட்டி ‘இருக்கீங்களா’ என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள், உலகத்து வீடு முழுக்க.

23 நவம்பர்

மொய் நோட்டைப் பற்றி நான் உருகியதற்குத் தண்டனை கிடைத்தது. நேற்று உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. நோட்டு எழுதுபவரே இல்லை. இரண்டு பையன்கள் லேப்டாப்பும் சின்ன பிரிண்டருமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் மொய். அந்தப் பக்கம் இது வந்து வருடக்கணக்காகிறது, நான்தான் பின்தங்கியவன். பேர், ஊர், தொகை சொன்னேன். ‘செல் நம்பர் சொல்லுங்கப்பா.’ சொன்னேன். நான் சாப்பிட உட்காருவதற்குள் விழா வீட்டார் பேரில் எனக்கு நன்றி சொல்லி எஸ்எம்எஸ் வந்துவிட்டது. விழா வீட்டுக்காரர் அப்போது எனக்கு எதிர்ப்பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த லேப்டாப்பில் எத்தனை கல்யாணத்துப் பேர், எத்தனை ஊர் உறவு இருக்கும்! சாப்பிட்டு வந்து பையனிடம் கேட்டேன். ‘எல்லா ஃபங்சனும் பேக்கப் இருக்குப்பா, எப்ப கேட்டாலும் எடுத்துத் தருவோம்’ என்றான் பெருமையாக. யார் கேட்டாலுமா என்று கேட்கவில்லை. பீடா கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

7 டிசம்பர்

எப்படித் தப்பிப்பது என்று நாலைந்து பேர் கேட்டதால்: தொடர்பு அனுமதியை மறுத்தாலும் பெரும்பாலான செயலிகள் வேலை செய்கின்றன, எண்ணைக் கையால் அடித்தால் போச்சு. ஐபோன் வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் முழுப் பட்டியலுக்குப் பதில் பொறுக்கியெடுத்த சிலரை மட்டும் காட்டலாம். வாட்ஸாப்பில் யார் வேண்டுமானாலும் குழுவில் சேர்ப்பதை 2019இலிருந்து அமைப்புகளில் போய் நிறுத்தலாம். ஒரே வாரத்தில் என்னை மூன்று ரியல் எஸ்டேட் குழுவில் சேர்த்த பிறகுதான் நான் அதைத் தேடினேன். மின்னஞ்சல் பாஸ்வேர்டை இன்னொரு தளம் கேட்டால் எழுந்து போய் டீ குடியுங்கள்.

கேள்வி கேட்டவர் இன்னும் ‘ஒரு மெசேஜ்தானே’ என்கிறார். அவர் பாடு.

15 டிசம்பர்

நேற்று திருச்சித் தம்பி மகள் நிச்சயம். பத்திரிகை என் கடையில்தான். ‘நல்வரவை விரும்பும்’ வரிக்குக் கீழே என் பேரைப் போட்டிருந்தார், கேட்டுவிட்டுத்தான் போட்டார். இந்தப் புலம்பலையெல்லாம் எழுதிய பிறகு மறைப்பது சரியாகப் படவில்லை. பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் சொன்னேன். தம்பி, 2009இல் வந்த அந்தச் செய்தி நான் அனுப்பினது இல்லை, அது மெஷின்.

“தெரியும்ணே” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மூணு தடவை வந்துச்சு, ஒரே வாசகம், இங்கிலீஷ்ல. நீங்க எப்ப இங்கிலீஷ்ல எழுதினீங்க? எம் பசங்க பேர்ல, பிரின்சிபால் பேர்லகூட அதே மாதிரி வந்துக்கிட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் அழிச்சேன்.”

அப்புறம் ஏன் கூப்பிட்டே?

“முத ரெண்டையும் அழிச்சுட்டேன். மூணாவது வந்தப்ப பெரியம்மா ஞாபகம். நீங்களா கூப்பிடப் போறதில்ல.” துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “கேட்டா சேதி வந்துச்சுன்னு சொல்லிக்கலாம்ல.”

அந்த மாதிரி மூன்றாவது மெயிலுக்குத்தான் ஒப்புதல் இல்லை என்று லூசி கோ வழக்கை நடத்த விட்டார்.

கிணற்றுத் தண்ணி முறை இன்னும் முடியவில்லை. தை பிறந்ததும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம். அவர்தான் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்கிறார், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.